வெளிச்சுவர் வேலைக்கு ஆள் பிடிக்கும் முன்

தை பிறந்துவிட்டால் சென்னையிலும் செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கங்களிலும் தெருவுக்கு இரண்டு வீட்டில் சாரம் ஏறிவிடும். அக்டோபரில் இறங்கிய வடகிழக்குப் பருவமழை டிசம்பர் கடைசி வரை சுவரை ஊறவைத்துவிட்டுப் போயிருக்கும். எங்கே காரை பெயர்ந்தது, எந்த அறையில் ஓதம் ஏறியது, எந்த சன்ஷேடின் அடியில் கம்பி தெரிகிறது என்பதெல்லாம் வீட்டுக்காரருக்கு அத்துப்படியாகியிருக்கும். உடனே பக்கத்து வீட்டில் வேலை செய்யும் மேஸ்திரியைக் கூப்பிட்டு, "சதுர அடிக்கு என்ன வாங்குகிறீர்கள்?" என்று கேட்பார். அவர் ஒரு தொகை சொல்வார், இவர் குறைத்துக் கேட்பார், பேரம் படிந்துவிடும். அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் அதே ஓதம்.

என்ன கோளாறு என்றே தெரியாமல் விலை பேசினால் இப்படித்தான் முடியும். சுவரில் ஈரம் தெரியும் இடமும், தண்ணீர் உள்ளே நுழையும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் தலையில் விழுந்த மெல்லிய வெடிப்பு, பத்து அடி கீழே படுக்கையறைச் சுவரில் திட்டாக வெளிப்படும். பெயிண்டர் அந்தத் திட்டைச் சுரண்டிப் பட்டி வைத்து இரண்டு கோட் அடிப்பார். சுவர் புதுப் பெண் மாதிரி இருக்கும், மழை வரும் வரை.

ஆகவே ஆளைத் தேடுவதற்கு முன்னால், வீட்டைத் தெரிந்துகொள்ளும் வேலை ஒன்று இருக்கிறது. தனி வீடு வைத்திருந்து, அதன் வெளிப்புறத்தை முதல் முறையாகப் பழுதுபார்க்கப் போகிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டைச் சுற்றி வாருங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், கைபேசி, சின்னச் சுத்தியல். இவை போதும். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் நான்கு பக்கச் சுவரையும் பாருங்கள். மேடுபள்ளமும் வெடிப்பும் அப்போதுதான் கண்ணில் படும். எட்டிய உயரம் வரை பூச்சைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே நடங்கள். நன்றாகப் பிடித்திருக்கும் பூச்சு கணீரென்று ஒலிக்கும். செங்கல்லை விட்டுப் பிரிந்து நிற்கும் பூச்சு 'தொப் தொப்' என்று சத்தம் தரும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பந்தக்காரர் "முழுச் சுவரையும் கொத்தியாக வேண்டும்" என்று சொன்னாலும், "மேலாகப் பூசிவிட்டால் போதும்" என்று சொன்னாலும், இந்த வட்டங்கள் உங்கள் கையில் இருக்கும்.

ஈரம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கோளாறு எது என்பதை உயரமே பாதி சொல்லிவிடும். தரையிலிருந்து மூன்று நான்கு அடிக்குள் பட்டையாக ஈரமும் வெள்ளைப் பொடியாக உப்பும் பூத்திருந்தால், அது அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதம். வெளியே எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் நிற்காது. உப்பேறிய பூச்சைக் கொத்தி எடுத்து, ஓதத் தடுப்புக்கு வழி செய்துவிட்டுத்தான் மறுபடி பூச வேண்டும். நடுச் சுவரில் திட்டு இருந்தால் குளியலறைக் குழாயையும் ஜன்னல் ஓரங்களையும் சந்தேகிக்க வேண்டும். மழை இல்லாத மாதத்திலும் அந்த இடம் ஈரமாகவே இருந்தால், பெரும்பாலும் குழாய்தான். பிளம்பரைக் கூப்பிட வேண்டிய வேலைக்குப் பெயிண்டரைக் கூப்பிடாதீர்கள். சீலிங்கை ஒட்டி மேலே ஈரம் என்றால் மொட்டை மாடியைப் பாருங்கள்.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றில் உள்ள ஈரப்பதம் படிகிறதா என்று குழப்பமாக இருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளை உட்சுவரில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உட்பக்கத்தில், அதாவது சுவரைத் தொடும் பக்கத்தில், முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அறைக்குக் காற்றோட்டம் போதவில்லை.

வெடிப்புகள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. ஏடிஎம் கார்டின் தடிமன் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர். அந்தக் கார்டின் ஓரம்கூட நுழையாத, சிலந்தி வலை போலப் பரவிய கோடுகள் பூச்சில் மட்டும் விழுந்தவை, பெயிண்டர் சமாளிப்பார். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக விழும் வெடிப்பு, கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வருவது. அதை 'V' வடிவில் கீறி, வளைந்துகொடுக்கும் சீலண்ட் அடைத்து, மேலே வலை பதித்துப் பூச வேண்டும். வெறும் சிமெண்டை அப்பினால் அடுத்த கத்திரியில் மறுபடி திறந்துகொள்ளும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகவோ, செங்கல் வரிசையில் படிப்படியாகவோ இறங்கும் வெடிப்பு வேறு கதை. அடிமண் அசைகிறது என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண் மேல் நிற்கும் வீடுகளில் இது அதிகம். வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கோட்டைத் தாண்டியிருந்தால் அது இன்னும் நகர்கிறது. பென்சிலே உள்ளே போகும் அளவு அகலமென்றால் காத்திருக்கவே வேண்டாம், கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

சன்ஷேடும் பால்கனியும்தான் உண்மையில் ஆபத்தானவை. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்தால் இரண்டு மடங்குக்கும் மேல் பருத்துவிடும். அந்த நெருக்கத்தில் அடிப்பக்கக் கான்கிரீட் பாளம் பாளமாக விழும். பெசன்ட் நகர், சாந்தோம், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றால் இது சீக்கிரமே தொடங்குகிறது. கம்பி தெரியும் சன்ஷேடின் கீழே குழந்தைகளை விளையாட விடாதீர்கள், வண்டியையும் நிறுத்தாதீர்கள். ஒப்பந்தக்காரர் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டிய விஷயம் அல்ல இது.

கடைசியாக மொட்டை மாடி. தண்ணீர் வாட்டம் சரியாக இருக்கிறதா, மழைநீர்க் குழாயின் வாய் அடைத்திருக்கிறதா, தட்டோட்டின் இடுக்குகள் விட்டிருக்கின்றனவா, தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து ஒரே சுவரில் இறங்குகிறதா என்று பாருங்கள். கைப்பிடிச் சுவர் விரிசலில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால் மேலாக வெட்டிவிட்டுத் திருப்திப்படாதீர்கள். பறவை போட்ட விதை, வேரைச் செங்கலுக்குள் ஆழ விட்டிருக்கும். அந்த இடத்தைப் பிரித்து வேரோடு எடுத்துவிட்டுக் கட்டினால்தான் தீரும். "ஆசிட் ஊற்றினால் செத்துவிடும்" என்பவரை நம்பிப் பூசியவர்கள் மறு வருடம் பூச்சைப் பிளந்துகொண்டு வந்த தளிரைப் பார்த்திருப்பார்கள்.

இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கிழக்குச் சுவர்: பூச்சு இரண்டு இடத்தில் பொள்ளல். தெற்கு: தூண் ஓரம் வெடிப்பு. இப்படி. வேலைப் பட்டியல் உங்கள் கையெழுத்தில் இருக்க வேண்டும். வருகிறவரின் வாயில் இருக்கக் கூடாது.

யாருக்கு எந்த வேலை

கொத்தனாருக்கு எல்லாக் கோளாறும் பூச்சுக் கோளாறாகத் தெரியும். பெயிண்டருக்கு எல்லாமே பெயிண்டால் தீரும். வாட்டர்புரூஃபிங் செய்கிறவரிடம் கேட்டால் ஒரு கெமிக்கல் சொல்வார். அவரவர் தொழில் அப்படி, யாரையும் குறை சொல்ல முடியாது. கம்பி வெளியே தெரிவது, சாய்வு வெடிப்பு, வளைந்து தொங்கும் சன்ஷேட், கைப்பிடிச் சுவர் வெளிப்பக்கம் சாய்ந்திருப்பது, இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் ஒப்பந்தக்காரருக்கு முன்னால் பொறியாளர் ஒருவருக்குப் பார்வைக் கட்டணம் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்கிவிடுங்கள். வேலையை எடுத்துச் செய்யப் போகாத பொறியாளராக இருந்தால் இன்னும் நல்லது. வேலையைப் பெரிதாக்கிக் காட்டும் தேவை அவருக்கு இல்லை.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளில் சுண்ணாம்புக் காரை பூசிய வீடு வைத்திருப்பவர்கள், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேட வேண்டும். அந்தச் சுவர்கள் ஈரத்தை வாங்கி வெளியே விடும் தன்மை உள்ளவை. மேலே சிமெண்டைப் பூசி பிளாஸ்டிக் போன்ற பெயிண்டையும் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றி உட்பக்கமாக வரும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வரி: வெளிச்சுவரும் மொட்டை மாடியும் பொதுவானவை. உங்கள் படுக்கையறைச் சுவரின் வெளிப்பக்கமாக இருந்தாலும், சங்கத்தின் மூலமாகவே வேலை நடக்க வேண்டும்.

பார்க்க வருகிறவரை நீங்கள் பாருங்கள்

மழை விட்டதும் தெருத் தெருவாகச் சிலர் வருவார்கள். கையில் ஒரு கெமிக்கல் கேன், வாயில் பத்து வருட கேரண்டி. "இந்தத் தெருவிலேயே நான்கு வீட்டில் வேலை நடக்கிறது, இன்றைக்கே சொன்னால் ரேட்டைக் குறைத்துத் தருகிறேன்" என்பார்கள். எந்த நான்கு வீடு என்று கேட்டுப் பாருங்கள். நல்ல வேலைக்காரருக்குத் தை, மாசியில் கதவு தட்டி வேலை தேட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது.

தெரிந்தவர்கள் மூலமாக மூன்று பேரை வரவழையுங்கள். வந்தவர் என்ன செய்கிறார் என்பதை வேடிக்கை பாருங்கள். வாசலில் நின்றே அண்ணாந்து பார்த்துவிட்டு மொத்தத் தொகை சொல்கிறவர் உங்களுக்கு வேண்டாம். மாடி ஏறுகிறாரா, சுவரைத் தட்டுகிறாரா, வீட்டுக்குள் வந்து உட்பக்கம் எங்கே ஈரம் என்று கேட்கிறாரா, எந்த மாதத்தில் ஈரம் தெரிந்தது, முன்பு யார் என்ன செய்தார்கள் என்று விசாரிக்கிறாரா? ஒரு மருத்துவர் நாடி பார்க்காமல் மருந்து எழுதினால் ஏற்றுக்கொள்வீர்களா? அதே அளவுகோல் இங்கும் பொருந்தும்.

உங்கள் பட்டியலை உடனே நீட்டாதீர்கள். அவர் என்ன கண்டுபிடிக்கிறார் என்று பார்த்துவிட்டுப் பிறகு காட்டுங்கள். உரையாடல் இந்த மாதிரி போனால் ஆள் தேறுவார்:

"மேஸ்திரி, இந்த அறையில் ஓதம் எதனால்?"

"உறுதியாகச் சொல்ல முடியாதுங்க சார். மாடியில் மூலை வாட்டம் சரியில்லை. முதலில் அந்த மூலையில் மட்டும் தண்ணீர் கட்டிப் பார்ப்போம். இறங்கினால் மாடி வேலை மட்டும் போதும், சுவரைத் தொட வேண்டியதில்லை."

வேலையைக் குறைத்துச் சொல்லும் துணிவு உள்ளவர் அரிது. அவர் ரேட் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் கணக்கு உங்களுக்கு லாபமாகவே முடியும்.

அவர் செய்த பழைய வேலைகளைப் பார்க்கக் கேளுங்கள். போன மாதம் முடித்த வீடு எதற்கும் உதவாது, எல்லாச் சுவரும் முதல் மாதத்தில் அழகுதான். இரண்டு மழைக்காலம் தாண்டிய வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: சொன்ன தொகைக்கு மேல் எவ்வளவு ஆனது, பாதியில் ஆட்களை வேறு வேலைக்கு இழுத்துக்கொண்டு போனாரா, மழைக்குப் பிறகு கூப்பிட்டபோது வந்தாரா. மூன்றாவது பதில் மற்ற இரண்டையும் விட முக்கியம்.

பெயிண்ட் பிராண்ட் விஷயத்தில் ஒரு சின்னத் தகவல். பெயிண்ட் நிறுவனங்கள் பெயிண்டர்களுக்காக டப்பாவில் டோக்கனோ ஸ்கேன் செய்யும் குறியீடோ வைக்கின்றன. அதற்குப் பணமோ புள்ளியோ கிடைக்கும். இதில் தவறேதும் இல்லை. ஆனால் "இந்த கம்பெனிதான் நல்லது" என்ற சிபாரிசின் பின்னால் டோக்கனும் இருக்கலாம் என்பதை அறிந்துகொண்டு கேளுங்கள்.

அளவு தெரியாமல் ரேட் பேசாதீர்கள்

சதுர அடி ரேட்டில் இரண்டு ரூபாய் குறைத்துவிட்ட மகிழ்ச்சியில், சதுர அடி எத்தனை என்பதை அவர் சொல்வதாக விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். அளவை நீங்களே எடுக்கலாம், டேப்பும் கூட ஓர் ஆளும் இருந்தால் அரை மணி நேர வேலை.

30 அடிக்கு 40 அடி வீடு, தரைத்தளம், மேலே ஒரு மாடி என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 140 அடி. அடிபீடம் 2 அடி, தளத்துக்கு 10 அடியாக இரண்டு தளம், கைப்பிடிச் சுவர் 3 அடி. மொத்த உயரம் 25. ஆக வெளிச்சுவர் 3,500 சதுர அடி. நான்குக்கு நான்கில் 12 ஜன்னல் 192, மூன்றரைக்கு ஏழில் இரண்டு கதவு 49. இவற்றைக் கழித்தால் 3,260க்குக் கொஞ்சம் கீழே. கைப்பிடிச் சுவரின் உட்பக்கம் சேர்ந்தால் 420 கூடும். சன்ஷேடை ரன்னிங் அடிக் கணக்கில், அதாவது நீளத்தை மட்டும் அளந்து, தனியாகப் போடுவார்கள்.

கதவு ஜன்னலைக் கழிப்பதா இல்லையா என்பது பேச்சில் விட்டுப்போகும் இடம். ஓரங்களைப் பூசும் வேலை இருப்பதால் கழிக்க மாட்டோம் என்று சிலர் சொல்வார்கள். அதிலும் நியாயம் உண்டு. எதுவானாலும் முன்கூட்டியே முடிவு செய்து எழுதிக்கொள்ளுங்கள். மூன்று பேரும் ஒரே அளவுக்கு, ஒரே பட்டியலுக்கு ரேட் தந்தால்தான் ஒப்பிட முடியும். ஒருவர் பிரைமரைச் சேர்த்தும் இன்னொருவர் சேர்க்காமலும் தந்த தொகைகளை அருகருகே வைத்துப் பார்ப்பதில் பயனே இல்லை.

மதிப்பீட்டில் இருந்தே தீர வேண்டியவை: எத்தனை சதுர அடி பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசுவது, வெளிப்பூச்சின் தடிமன் (20 மில்லிமீட்டர் வழக்கம், இரண்டு கோட்டில்), கலவை விகிதம், வெடிப்பு அடைக்கும் பொருளின் பெயர், பிரைமர் எத்தனை கோட், பெயிண்டின் முழுப் பெயரும் கோட்டும், சாரம் யார் செலவு, இடிபாட்டை அள்ளிப் போடுவது யார், மின்சாரமும் தண்ணீரும் யாருடையது. துருப்பிடித்த கம்பிக்குத் தனி வரி வேண்டும்: கெட்டுப்போன கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் தெரியும் வரை கொத்துவது, துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுப்பது, துருத்தடுப்புப் பூச்சு, பழையதும் புதியதும் ஒட்டுவதற்கான பூச்சு, பிறகு பாலிமர் கலந்த கலவை. 'சன்ஷேட் ரிப்பேர், மொத்தம் இவ்வளவு' என்று ஒரே வரியில் எழுதியிருந்தால், கம்பியின் மேலேயே சிமெண்டை அப்பிவிட்டுப் போவார்கள் என்று பொருள்.

கொத்திப் பார்த்த பிறகுதான் தெரியும் என்று ஒப்பந்தக்காரர் சொல்வது பல நேரம் உண்மை. அதற்குத்தான் மொத்தத் தொகை பேசுவதைவிட, வேலை வாரியாக ரேட் பேசி, கடைசியில் அளந்து பணம் கொடுப்பது நல்லது. கூடுதல் வேலை எதுவானாலும் செய்வதற்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொருள் அவரா, நாமா? கடைக்குப் போய் வர நேரம் இருக்கிறவர்கள் பொருளைத் தாமே வாங்கிக் கூலிக்கு மட்டும் விடலாம். ஆனால் பின்னால் கோளாறு வந்தால் "நீங்கள் வாங்கித் தந்த பொருள் சரியில்லை" என்று கை கழுவிவிட இடம் உண்டு. பொருளோடு விடுவதானால் பில் கேளுங்கள். ஜிஎஸ்டி தனி என்று சொன்னால் பதிவெண் அச்சிட்ட பில் தர வேண்டும். தமிழ்நாட்டில் பதிவு செய்தவரின் 15 இலக்க எண் 33 என்று தொடங்கும், ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் பெயர் தெரியும். பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி என்று சொல்லி ஒரு ரூபாயும் வாங்க முடியாது.

பணம்

பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்பவரிடம் தயங்காமல் மறுத்துவிடுங்கள். வேலையைப் பிடித்துவைக்க உங்களிடம் இருக்கும் ஒரே கயிறு பணம்தான். நான் சரியென்று நினைக்கும் பங்கீடு இது: பொருள் வந்து இறங்கியதும் 15 சதவீதம், கொத்தும் வேலையும் வெடிப்பு, கம்பி வேலைகளும் முடிந்து நீங்கள் பார்த்த பிறகு 30, பிரைமரும் முதல் கோட்டும் முடிந்ததும் 30, முழுதும் முடிந்து, சாரம் இறங்கி, தெரு சுத்தமானதும் 15, மீதி 10 சதவீதம் கார்த்திகை மழை தாண்டிய பிறகு.

அந்தக் கடைசிப் பத்துக்குத்தான் சண்டை வரும். "ஒன்பது மாதம் யார் காத்திருப்பார்கள்?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஐந்து சதவீதம் என்று இறங்கி வாருங்கள், ஆனால் அடியோடு விட்டுக்கொடுக்காதீர்கள். வாய்ச்சொல்லாகத் தரும் பத்து வருட உத்தரவாதத்தைவிட, உங்களிடம் நிற்கும் பத்தாயிரம் ரூபாய் அவரை வரவழைக்கும். பெயிண்ட் நிறுவனத்தின் வாரண்டி வேறு. அது பெரும்பாலும் பொருளுக்கு மட்டும், அதுவும் அவர்கள் சொன்ன பிரைமரும் சொன்ன அளவு கோட்டும் போட்டிருந்தால்தான். அதன் நிபந்தனைத் தாளைக் கடையிலேயே கேட்டு வாங்கிப் படியுங்கள்.

வங்கி வழியாகவோ காசோலையாகவோ கொடுங்கள். ஒரே வேலைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. சின்ன வேலையாக இருந்து ரொக்கமாகக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தம் என்றால் பெரிய பத்திரம் தேவையில்லை. வேலைப் பட்டியல், ரேட், பணத் தவணை, தொடங்கும் நாள், முடியும் நாள், உத்தரவாதம், இரண்டு பேர் கையெழுத்து, அவருடைய முகவரி. இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

வேலை நடக்கும் நாட்களில்

நாளைப் பொறுத்து முதலில் ஒன்று: தை முதல் பங்குனி வரை சிறந்த காலம். கத்திரி வெயிலில் பூச்சு போட்டால் தண்ணீர் சீக்கிரம் வற்றி வெடிக்கும். ஆவணி, புரட்டாசியில் அவசரமாகத் தொடங்குபவர்கள் மாலை மழைக்கும் கூடுதல் கூலிக்கும் தயாராக இருக்க வேண்டும்.

மணலைச் சோதியுங்கள். பூச்சுக்கு, கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டைவிட நைசான பி-சாண்ட் என்ற பூச்சு மணல் வர வேண்டும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி வரை மணலைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் குலுக்கி அசையாமல் மூன்று மணி நேரம் வையுங்கள். மணல் அடியில் தங்கும், மேலே தூசும் வண்டலும் தனிப் படலமாக நிற்கும். அந்தப் படலம் மணலின் உயரத்தில் எட்டு சதவீதத்தைத் தாண்டினால், அதாவது பத்து சென்டிமீட்டர் மணலுக்கு மேலே எட்டு மில்லிமீட்டருக்கு அதிகமாக இருந்தால், லோடைத் திருப்பி அனுப்புங்கள். பாட்டிலை வாசல் திண்ணையிலேயே வைத்துவிடுங்கள், அடுத்த லோடு கேட்காமலேயே சுத்தமாக வரும்.

தண்ணீர் இன்னொரு விஷயம். கடற்கரை ஓரத்திலும், நிலத்தடி நீர் உவர்த்துப்போன பகுதிகளிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கலவை போட்டால் உப்பு பூக்கும், கம்பியும் அரிக்கும். கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்பது இந்தியத் தரநிலை. வாயில் வைத்தால் உவர்க்கும் தண்ணீர் கலவைக்கும் ஆகாது, லாரித் தண்ணீர் வாங்குங்கள். சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும்; மூன்று மாதத்துக்கு மேல் பழையதைத் தவிருங்கள்.

பூசிய மறுநாளிலிருந்து குறைந்தது ஏழு நாள் நனைக்க வேண்டும். பெரும்பாலான வெளிச்சுவர்கள் கெடுவது இங்கேதான். காலையில் ஒரு முறை குழாயைக் காட்டிவிட்டுப் போவார்கள், மதியத்துக்குள் சுவர் வெளுத்திருக்கும். நாளைக்கு மூன்று முறை யார் தண்ணீர் விடுவது என்பதைப் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். அந்த ஆள் நீங்களாக இருந்தாலும் பரவாயில்லை. புதுப் பூச்சின் மேல் பெயிண்ட் அடிக்க நான்கு வாரம் பொறுக்க வேண்டும். "வெயில் நன்றாக அடிக்கிறது, பத்து நாளில் காய்ந்துவிடும்" என்பார்கள். மேலே காயும், உள்ளே சிமெண்டின் காரத்தன்மை அடங்கியிருக்காது. பின்னால் நிறம் திட்டுத் திட்டாக வெளுப்பது அதனால்தான்.

பழைய சுவரில் பாசியைத் தேய்த்துக் கழுவி நன்றாக உலரவிட்ட பிறகே பிரைமர். வெளிச்சுவருக்கு வெள்ளை சிமெண்ட் பட்டி போடலாம், உள்சுவருக்கான அக்ரிலிக் பட்டியைப் போட்டால் மழையில் கரைந்து உரியும்.

வாளிகளை எண்ணுங்கள். சாதாரண வெளிப்புற எமல்ஷன் லிட்டருக்கு, இரண்டு கோட் சேர்த்து, சுமார் 50 முதல் 60 சதுர அடி வரும். மேலே சொன்ன 3,260 சதுர அடிக்கு 55 முதல் 65 லிட்டர், அதாவது 20 லிட்டர் வாளி மூன்றும் கொஞ்சமும். இரண்டே வாளியில் இரண்டு கோட் முடிந்தது என்றால் பெயிண்டைவிடத் தண்ணீர் அதிகம் பூசப்பட்டிருக்கிறது. எவ்வளவு தண்ணீர் சேர்க்கலாம் என்பது டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். காலி வாளிகளை வேலை முடியும் வரை எடுத்துப் போக விடாதீர்கள்.

உயரத்தில் வேலை செய்கிறவர்களின் உயிரைப் பற்றியும் பேசியாக வேண்டும். சவுக்குக் கட்டைச் சாரத்தின் கட்டுகளை முதல் நாள் பாருங்கள். இடுப்புக் கயிறு இல்லாமல் யாரையும் உயரத்தில் ஏற விடாதீர்கள். சுவருக்கு அருகில் மின்கம்பி போனால் வேலை தொடங்கும் முன் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லுங்கள். ஈரமான கட்டையோ அலுமினிய ஏணியோ பட்டால் போதும். விபத்து நடந்தால் பொறுப்பு யாருடையது என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஆட்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்; விபத்து உதவித்தொகை அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்க அந்த அட்டை வேண்டும்.

முடிந்த பிறகு

சாரத்தைப் பிரிக்கும் முன் மேலிருந்து கீழே வரை பார்த்துவிடுங்கள். பிரித்த பிறகு குறை கண்டுபிடித்தால் மறுபடி கட்ட யாரும் வர மாட்டார்கள். சாரக் கட்டைக்காகச் சுவரில் போட்ட துளைகள், சன்ஷேடின் மேல்பக்கம், ஜன்னல் மேல் ஓரம், கைப்பிடிச் சுவரின் தலை ஆகிய நான்கும் வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள். தரையிலிருந்து இவை கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே காரணம்.

மாடி வேலை செய்திருந்தால், மழைநீர்க் குழாயின் வாயை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, 24 முதல் 48 மணி நேரம் விட்டுக் கீழே சீலிங்கைப் பாருங்கள். இரண்டு அங்குலத் தண்ணீர் 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 470 கிலோ எடை. ஆகவே மரக் கட்டை வைத்த பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையிலோ, கம்பி அரித்த தளத்திலோ இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

முதல் பெருமழையன்று வீட்டுக்குள் சுற்றி வந்து பாருங்கள். கசிவு இருந்தால் தேதி தெரியும்படி படம் எடுத்து அன்றே அனுப்புங்கள். ஒப்பந்தக்காரர் வரவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை என்றால், குறையைப் பட்டியலிட்டு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம். அதற்கும் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம், அல்லது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தரலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. ஒப்பந்தத் தாளும் வங்கி ரசீதும் நீங்கள் சாக்பீஸால் வட்டமிட்டு எடுத்த படங்களும் அங்கே பேசும்.

மீந்த பெயிண்டில் ஒரு லிட்டரைச் சின்ன டப்பாவில் இறுக மூடி, நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். வாளி மூடியில் ஒட்டியிருக்கும் ஷேட் எண்ணையும் படம் எடுத்துவிடுங்கள். நாளைக்கே ஏசி குழாய் போட வருகிறவர் சுவரில் துளை போடத்தான் போகிறார்.